பி0202 வந்தால் இன்ஜெக்டரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: ஒன்பது வருடப் பழைய நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். ஒரு வாரமாக, வண்டி சூடான பிறகு ஐடிலில் நடுங்குகிறது, பிக்கப் இல்லை, செக் என்ஜின் லைட் எரிகிறது. ஸ்கேனரில் பி0202 (P0202) என்ற கோளாறு கோடு (code) வந்தது. நான்கு இன்ஜெக்டரையும் மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். அதற்கு முன் இன்ஜெக்டர் கிளீனிங் செய்து பார்க்கலாமா?

பதில்:

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

பி0202 என்றால் "இரண்டாவது இன்ஜெக்டர் போச்சு" என்று அர்த்தமில்லை. "இரண்டாவது சிலிண்டர் இன்ஜெக்டரின் சர்க்யூட் சரியில்லை" என்றுதான் ஈசியூ (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) சொல்கிறது. அந்த சர்க்யூட்டில் ஃப்யூஸ், ரிலே, வயர், கப்ளர் (வயர் முனையில் இருக்கும் கனெக்டர்), கப்ளருக்குள் இருக்கும் பின், இன்ஜெக்டருக்குள் இருக்கும் காயில், கடைசியாக ஈசியூவுக்குள் சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் டிரான்சிஸ்டர் எல்லாமே அடங்கும். இத்தனை பேரில் ஒருவர்தான் இன்ஜெக்டர். நானும் தொழிலுக்கு வந்த புதிதில் கோடைப் பார்த்ததும் பார்ட்ஸ் கடைக்குத்தான் ஓடினேன். கழற்றிப் போட்ட நல்ல இன்ஜெக்டர்கள் ஒரு டப்பா நிறையச் சேர்ந்த பிறகுதான் புத்தி வந்தது.

ஈசியூ இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இன்ஜெக்டருக்கு இரண்டே வயர். ஒன்றில் சாவி போட்டதும் 12 வோல்ட் வந்து நிற்கும். இது ரிலே, ஃப்யூஸ் வழியாக நான்கு இன்ஜெக்டருக்கும் பொதுவாக வருவது. இன்னொரு வயர் ஈசியூவுக்குப் போகிறது. ஈசியூ அந்த வயருக்கு எர்த் கொடுத்தால் இன்ஜெக்டர் திறந்து பெட்ரோல் தெளிக்கும், எர்த்தை விட்டால் மூடும். ஐடிலில் ஒரு தடவைக்கு 2 முதல் 4 மில்லிசெகண்ட் வரை திறக்கும், நொடிக்கு ஆறேழு தடவை. எர்த் கொடுக்காத நேரத்தில், காயில் வழியாக வரும் 12 வோல்ட் ஈசியூவின் பின்னில் தெரிய வேண்டும். எர்த் கொடுத்ததும் அது பூஜ்யத்துக்கு அருகில் இறங்க வேண்டும். விட்ட கணத்தில் காயிலின் காந்தம் சரிந்து 60, 70 வோல்ட்டுக்கு ஒரு துள்ளல் வரும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் ஈசியூ பார்த்துக்கொண்டே இருக்கிறது. 12 வோல்ட் தெரிய வேண்டிய நேரத்தில் தெரியவில்லை என்றால் கோடு போட்டுவிடும்.

இதிலிருந்து உங்கள் கிளீனிங் கேள்விக்கும் பதில் வந்துவிடுகிறது. நுனி அடைத்துக்கொண்ட இன்ஜெக்டரிலும் காயில் அதே காயில்தான், ஓடும் கரண்டும் அதே கரண்டுதான். பெட்ரோல் பூவாகத் தெளிக்கிறதா, சொட்டு சொட்டாக ஒழுகுகிறதா என்று பார்க்க ஈசியூவுக்குக் கண் கிடையாது. அடைப்பு இருந்தால் அந்தச் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று மிஸ்ஃபயர் கோடு (பி0302) வரலாம், கலவையில் பெட்ரோல் குறைவு என்று பி0171 வரலாம். பி0202 வராது. பி0202-க்கு கிளீனிங் செய்வது ஒயர் அறுந்த மிக்ஸிக்கு ஜாரைக் கழுவுவது மாதிரி.

கோடு எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. பி0201-இல் தொடங்கி கடைசி எண் சிலிண்டரைக் காட்டும். பி0261-இல் தொடங்குவது இன்னொரு வரிசை. அதில் சிலிண்டருக்கு மூன்று எண். உங்கள் இரண்டாவது சிலிண்டருக்கு பி0264 வந்தால் ஈசியூ பக்கத்து வயரில் வோல்டேஜ் தாழ்வாக இருக்கிறது என்று பொருள்: எங்காவது எர்த் ஆகியிருக்கலாம், அறுந்தும் இருக்கலாம். பி0265 என்றால் எந்நேரமும் உயர்வாக இருக்கிறது: 12 வோல்ட் வயரோடு ஒட்டியிருக்கலாம். பி0266 என்றால் மின்சாரக் கதையே வேறு. அந்தச் சிலிண்டர் மற்றவற்றுக்குச் சமமாக வேலை செய்யவில்லை என்கிறது, அங்கே கம்ப்ரஷன் வரை பார்க்க வேண்டியிருக்கும். இந்த எண்கள் எந்த கம்பெனி வண்டியிலும் ஒரே பொருள்தான். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து ஓபிடி-2 (வண்டியே தன் கோளாறைக் கண்டுபிடித்துக் கோடு போடும் முறை) கட்டாயமானது. நம் ஊரில் 2013 ஏப்ரலிலிருந்து வந்த பிஎஸ்-4 கார்களில் இருக்கிறது. பி-க்கு அடுத்து 1 வந்தால் அது அந்தந்த கம்பெனியின் சொந்த எண். அதற்கு அவர்கள் மேனுவல் வேண்டும்.

எத்தனை கோடு சேர்ந்து வந்தது என்பதும் துப்புதான். பி0201 முதல் பி0204 வரை நான்கும் ஒன்றாக வந்தால், நான்கு இன்ஜெக்டரும் ஒரே ராத்திரியில் செத்துவிட்டன என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பொதுவான 12 வோல்ட் லைன்; ஃப்யூஸும் ரிலேயும்தான் முதலில். உங்களுக்கு ஒன்று மட்டும் வந்திருக்கிறது. ஆகவே பொது லைன் நன்றாக இருக்கிறது, பிரிந்து இரண்டாவது இன்ஜெக்டருக்குப் போகும் கிளையில்தான் கோளாறு. கூடவே பி0302, பி0171 வந்திருந்தால் அவற்றைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். பெட்ரோல் விழாத சிலிண்டர் வெறும் காற்றை சைலன்சருக்குத் தள்ளும்; ஆக்ஸிஜன் சென்சர் அதைப் பார்த்து "பெட்ரோல் குறைவு" என்று சொல்லும். மூலம் பி0202, மற்றவை அதன் பிள்ளைகள்.

இனி சோதனை. முதல் வேலை, கோடை அழிக்காமல் இருப்பது. கோடு விழுந்த கணத்தில் என்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் ஓடியது, கூலன்ட் எத்தனை டிகிரி, வண்டி என்ன வேகம் என்று ஈசியூ ஒரு படம் எடுத்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். ஸ்கேனரை மாட்டினவுடன் அழித்துவிட்டு "மறுபடி வந்தா கொண்டு வாங்க" என்று அனுப்பும் பழக்கத்தைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். சாட்சியை அடித்துத் துரத்திவிட்டு விசாரணை செய்கிற வேலை அது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் சாதாரண ப்ளூடூத் ஸ்கேனர் (ஈஎல்எம்327) மாட்டி, போனிலேயே இதைப் பார்த்துவிடலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உங்களுக்கு வண்டி சூடான பிறகுதான் தொல்லை என்கிறீர்கள். ஃப்ரீஸ் ஃப்ரேமிலும் கூலன்ட் 85, 90 என்று இருந்தால், அந்தச் சூட்டில்தான் சோதிக்க வேண்டும். காலையில் குளிர்ந்த என்ஜினில் எதை அளந்தாலும் நல்லதாகத்தான் காட்டும்.

அடுத்தது காசு செலவில்லாத சோதனை. போர்ட் இன்ஜெக்ஷன் (பெட்ரோலை சிலிண்டருக்கு வெளியே, காற்று வரும் வழியில் தெளிக்கும்) வண்டிகளில் பக்கத்துப் பக்கத்து இன்ஜெக்டர்களின் கப்ளர் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று எட்டும். என்ஜினை நிறுத்தி, ஒன்றாவது கப்ளரை இரண்டாவது இன்ஜெக்டரிலும், இரண்டாவதை ஒன்றாவதிலும் மாட்டுங்கள். கோடை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெட்ரோல் விழும் நேரம் முன்பின் ஆவதால் கொஞ்சம் கரகரப்பாக ஓடும்; இரண்டு நிமிடத்துக்கு ஒன்றும் ஆகாது. கோடு இப்போது பி0201 என்று மாறினால் குற்றவாளி இன்ஜெக்டர்தான்: ஈசியூவின் ஒன்றாவது லைனில் இப்போது அதுதான் தொங்குகிறது. பி0202 என்றே நின்றால் இன்ஜெக்டர் நிரபராதி. வயர், கப்ளர் பின், ஈசியூ மூன்றில் ஒன்று. ஃப்யூவல் ரயிலை (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டு வரும் குழாயை) கழற்றவில்லை, ஓ-ரிங்கைத் தொடவில்லை, பத்து நிமிடத்தில் பாதை பாதியாகிவிட்டது. ஒரு எச்சரிக்கை: ஒன்றாவது சிலிண்டர் எந்தப் பக்கம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான வண்டிகளில் டைமிங் செயின் பக்கம்; ரெனோ, பெஜோ என்ஜின்கள் பலவற்றில் ஃப்ளைவீல் பக்கம். வயர் எட்டாத வண்டி என்றால் இழுத்துக் கட்டாதீர்கள், விட்டுவிடுங்கள்.

கோடு இடம் மாறிவிட்டதா? மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து நான்கு இன்ஜெக்டரையும் அளந்து எழுதுங்கள். இந்த வகை இன்ஜெக்டருக்கு வழக்கமாக 12 முதல் 16 ஓம்ஸ். மேனுவலில் உள்ள எண்ணை விட, நான்கும் தங்களுக்குள் ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியம். செப்புக் கம்பி சூடானால் ரெசிஸ்டன்ஸ் கூடும்; குளிர்ந்த நிலையில் 12 காட்டியது சூட்டில் ஏறக்குறைய 15 காட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மூன்று 14.8 காட்டி ஒன்று மட்டும் முடிவிலி என்று வந்தால் காயில் சூட்டில் பிரிகிறது. ஒன்று மட்டும் 5, 6 என்று வந்தால் உள்ளே சுற்றுகள் ஒட்டிவிட்டன. அது ஈசியூவையும் கூட இழுத்துக்கொண்டு போகும், உடனே மாற்றுங்கள். அந்த ஒன்றை மட்டும். மற்ற மூன்றும் நல்ல நிலையில் இருந்தால் அவற்றை ஏன் தூக்கிப் போட வேண்டும்? பார்ட் நம்பர் அதேயாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கோடு நகரவில்லை என்றால் வயர் பக்கம். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குவார்கள்.

சில வருடங்களுக்கு முன் மார்கழி மாதம் ஒரு கார் வந்தது. பி0203. ஏற்கெனவே இரண்டு இடத்தில் பார்த்து, மூன்றாவது இன்ஜெக்டர் இரண்டு தடவை மாறிவிட்டது. கப்ளரைக் கழற்றி மீட்டர் வைத்தேன்: 12.4 வோல்ட். கண்டினியூட்டி வைத்தேன்: பீப் என்றது. எல்லாம் சரி, வண்டி மட்டும் மூன்று காலில் நொண்டியது. பிறகு 21 வாட் பல்பு ஒன்றை எடுத்து, ஒரு முனையை அந்த 12 வோல்ட் பின்னிலும் இன்னொரு முனையை பேட்டரி மைனஸிலும் கொடுத்தேன். அகல் விளக்கு மாதிரி மங்கலாக எரிந்தது. மற்ற மூன்று கப்ளரில் கண் கூசியது. வயரைப் பின்தொடர்ந்து போய் என்ஜின் மேல் பிளாஸ்டிக் கவரைத் தூக்கினால், அடியில் பாதி உளுந்து வடையும் வேர்க்கடலைத் தொலியும். குளிருக்கு இதமாக எலி குடித்தனம் வைத்திருந்தது. வயரைப் பாதி கடித்து, பச்சை பிடித்த இரண்டு இழை மட்டும் மிச்சம். மல்டிமீட்டர் கரண்டே இழுக்காது, ஆகவே அந்த இரண்டு இழையே அதற்கு 12 வோல்ட் காட்டப் போதும். இன்ஜெக்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் வேண்டும், அது அந்த இழையில் வராது. அன்றிலிருந்து பல்பு இல்லாமல் நான் எந்த 12 வோல்ட்டையும் நம்புவதில்லை.

நீங்களும் அதே சோதனையைச் செய்யலாம், ஆனால் 12 வோல்ட் வரும் பின்னில் மட்டும். ஈசியூவுக்குப் போகும் பின்னில் பெரிய பல்பு வைக்காதீர்கள். அங்கே இன்ஜெக்டருக்குப் பதிலாகக் கப்ளரில் மாட்டும் சின்ன விளக்கான நாய்ட் லைட் அல்லது எல்ஈடி டெஸ்ட் லைட்தான். செல்ஃப் அடிக்கும்போது அது விட்டு விட்டு மின்ன வேண்டும். எக்காரணம் கொண்டும் அந்த வயருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள், டிரான்சிஸ்டர் அங்கேயே முடிந்தது. இன்னொன்று: சில வண்டிகளில் சாவி போட்டு இரண்டு நொடியில் இன்ஜெக்டர் சப்ளை நின்றுவிடும், செல்ஃப் அடித்தால்தான் திரும்ப வரும். அதைப் பார்த்து "12 வோல்ட் வரவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள்.

நாய்ட் லைட்டிலும் ஒரு பொறி உண்டு. மிஸ்ஃபயர் பலமாக இருந்தால், சைலன்சரில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற, சில ஈசியூக்கள் அந்தச் சிலிண்டரின் பெட்ரோலைத் தாங்களே நிறுத்திவிடும். லைட் மின்னவில்லையே, ஈசியூ போய்விட்டது என்று தோன்றும். உண்மையில் இக்னிஷன் காயிலோ ஸ்பார்க் பிளக்கோ போயிருக்கும். கோடுகளை அழித்து, ஸ்டார்ட் ஆன முதல் சில நொடிகளில் பாருங்கள். அப்போது மின்னிவிட்டுப் பிறகு நின்றால் ஈசியூ வேண்டுமென்றே நிறுத்துகிறது.

எலி கடிக்காத இடத்தில் எங்கே பார்ப்பது? கப்ளரின் கழுத்தில், வயர் உள்ளே நுழையும் இடத்தில். ஒன்பது வருடச் சூட்டில் வயரின் தோல் அப்பளம் மாதிரி நொறுங்கும். வெளியே முழுசாகத் தெரியும், உள்ளே இழை அறுந்திருக்கும். என்ஜின் ஓடும்போது ஒவ்வொரு கப்ளராக மெல்ல ஆட்டிப் பாருங்கள், எதில் சத்தம் மாறுகிறது என்று. கப்ளருக்குள் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ரப்பர் சீல் இருக்கிறதா பாருங்கள். வாட்டர் சர்வீஸில் என்ஜின் அறைக்கு நேராக பிரஷர் தண்ணீர் அடித்த மறுநாள் இப்படி வரும் வண்டிகள் எத்தனையோ. பின் தளர்ந்திருந்தால் கப்ளர் மாட்டும்போது பிடிப்பே இருக்காது. இதில் பல நேரம் குற்றவாளி நாம்தான்: மல்டிமீட்டரின் தடித்த முனையை அந்தச் சின்ன பின்னுக்குள் குத்தி, அதை அகலமாக்கிவிட்டு, பழைய கோளாறோடு புதியதையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். மெல்லிய குண்டூசி அளவுக் கம்பியைப் பக்கத்தில் தொடவைத்தால் போதும். கடிபட்ட வயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றுவது ஒரு மழைக்காலம் கூடத் தாங்காது. சோல்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள்.

சிஎன்ஜி கிட் போட்ட வண்டியா என்று நீங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இதையே முதலில் எழுதியிருப்பேன். சீக்வென்ஷியல் கிட் போடும்போது பெட்ரோல் இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் வயரையும் வெட்டி நடுவில் கிட்டின் வயரிங்கை நுழைப்பார்கள். கேஸில் ஓடும்போது பெட்ரோல் இன்ஜெக்டரை நிறுத்திவிட்டு, "இன்ஜெக்டர் இருக்கிறது" என்று ஈசியூவை நம்ப வைக்க எமுலேட்டர் என்ற ஒரு போலி லோடைக் காட்டும். அந்த இணைப்பு ஒன்று விட்டாலும், எமுலேட்டர் சரியில்லை என்றாலும், வருவது பி020 வரிசைதான். கோடு கேஸில் ஓடும்போது மட்டும் வருகிறதா, பெட்ரோலிலும் வருகிறதா என்று இரண்டு நாள் பிரித்து ஓட்டிப் பாருங்கள். கேஸில் மட்டும் என்றால் கிட் போட்டவரிடம்தான் போக வேண்டும்.

ஈசியூ போய்விட்டது என்ற முடிவுக்குக் கடைசியில்தான் வர வேண்டும். பேட்டரி மைனஸைக் கழற்றி, ஈசியூ கப்ளரையும் கழற்றி, அங்கிருந்து இன்ஜெக்டர் கப்ளர் வரை வயர் ஒரு ஓமுக்குக் கீழே காட்டுகிறதா, பாடியோடு ஒட்டவில்லையா என்று பார்த்து, எல்லாம் சரியாக இருந்தும் நாய்ட் லைட் முதல் நொடியிலிருந்தே மின்னவில்லை என்றால்தான் டிரான்சிஸ்டர். அதுவும் தானாகச் சாவது அபூர்வம். சுற்று ஒட்டிய இன்ஜெக்டர் கொன்றிருக்கும். காரணத்தைச் சரி செய்யாமல் வேறு ஈசியூ மாட்டினால் அதுவும் போகும்.

டர்போ ஜிடிஐ, டிஎஸ்ஐ மாதிரி நேரடி இன்ஜெக்ஷன் (சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோல் தெளிக்கும்) வண்டி என்றால் மேலே சொன்ன எதையும் முயலாதீர்கள். அங்கே இரண்டு வயரும் ஈசியூவுக்கே போகும், திறப்பதற்கு 65 வோல்ட் வாக்கில் கொடுக்கும், ரயிலில் பெட்ரோல் 200 பார் வரையும் அதற்கு மேலும் நிற்கும். சாதாரண வண்டியில் 3, 4 பார்தான். அது வசதியுள்ள வொர்க்ஷாப் வேலை.

அதுவரை ஓட்டலாமா? லைட் நிலையாக எரிந்தால் வீட்டுக்கோ வொர்க்ஷாப்புக்கோ மெதுவாகப் போகலாம். சிமிட்டினால் நிறுத்துங்கள், மிஸ்ஃபயர் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எரிக்கும் அளவுக்கு இருக்கிறது என்று பொருள், அதன் விலை நான்கு இன்ஜெக்டரை விட அதிகம். பி0264 வந்து, ஆயில் டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடையும் அடித்தால் செல்ஃபே அடிக்காதீர்கள். வயர் எர்த் ஆகியிருந்தால் சாவி போட்டதிலிருந்து இன்ஜெக்டர் திறந்தேதான் இருக்கும். சிலிண்டரில் பெட்ரோல் நிறைந்து, பிஸ்டன் மேலே ஏற வழியில்லாமல் கனெக்டிங் ராட் வளையும். பிளக்கைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

இன்ஜெக்டரைக் கழற்றத்தான் வேண்டும் என்று வந்தால், முதலில் பெட்ரோல் பம்பு ஃப்யூஸை எடுத்துவிட்டு வண்டி தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள், ரயிலில் பிரஷர் இறங்கும். ஓ-ரிங் புதிதாகத்தான் போட வேண்டும், ஒரு சொட்டு என்ஜின் ஆயில் தடவி. பழையதையே மாட்டி, சூடான மேனிஃபோல்டு மேல் பெட்ரோல் கசிந்தால் தீதான்.

சரி செய்த பிறகு கோடை அழித்துவிட்டு, என்ஜின் முழுச் சூடு ஏறும் வரை அரை மணி நேரம் ஓட்டுங்கள். உங்கள் கோளாறு சூட்டில்தான் தலை காட்டியது, சூட்டில்தான் அது போய்விட்டதா என்று தெரியும். ஸ்கேனர் கையில் இல்லாமல் சரி செய்திருந்தாலும் கவலையில்லை. தொடர்ந்து மூன்று ஓட்டம் கோளாறு இல்லாமல் போனால் லைட் தானே அணையும், கோடு மட்டும் நாற்பது தடவை என்ஜின் சூடேறிய பிறகே நினைவிலிருந்து போகும். கப்ளர் மாற்றிப் பார்த்ததில் என்ன வந்தது என்று எழுதுங்கள், ஃப்ரீஸ் ஃப்ரேம் ஸ்கிரீன்ஷாட்டையும் போடுங்கள், அங்கிருந்து பார்க்கலாம்.